எட்டுப் போடத் தெரிந்தால் போதுமா?

எனக்கு லைசென்ஸ் கிடைத்தது எட்டுப் போட்டுக் காட்டியதால்தான். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். காலைக் கீழே ஊன்றாமல் வண்டியை எட்டு வடிவத்தில் வளைத்து வளைத்து ஓட்டி, பிரேக் இன்ஸ்பெக்டர் தலையசைத்ததும், நமக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று அரசாங்கமே சொல்லிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. பிறகு கார் லைசென்ஸுக்காக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தபோதும் சொல்லிக்கொடுத்தது கிளட்ச், கியர், கை சிக்னல், கொஞ்சம் சாலைச் சின்னங்கள், அவ்வளவுதான். கோபம் வந்தால் நீ எப்படி ஓட்டுவாய், வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினால் உன் வலது கை ஆக்ஸிலரேட்டரை என்ன செய்யும், பின்னால் நண்பன் உட்கார்ந்தால் ஏன் வேகம் கூடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு திரும்பிப் பார்த்தால், நான் மயிரிழையில் தப்பித்த ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் காரணம் அந்தக் கேட்கப்படாத கேள்விகளில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கிறது. எட்டுப் போடத் தெரியாமல் ஒருமுறைகூட நான் ஆபத்தில் மாட்டவில்லை.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுக்க 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். மணிக்கு 19 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105. இறந்தவர்கள் 17,884 பேர், அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாட்டளவில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் வெறுமனே நடந்து போனவர்கள். பத்தில் ஏழு சாவுக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியிருக்கிறது. இதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் வேறு காரணம் எழுதத் தெரியாத இடத்திலெல்லாம் அதிவேகம் என்று எழுதிவிடுவது நம் ஊர் வழக்கம். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு யோசனை ஓடவில்லை. விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலையில் நடந்திருக்கிறது. நம் சாலைகளில் பெரும்பகுதி நேராகத்தானே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். இருந்தாலும் கொண்டை ஊசி வளைவிலும் குறுகலான பாலத்திலும் நாம் பயந்து பயந்து போகிறோம், கண்ணை அங்கே இங்கே நகர்த்துவதில்லை. நேர் ரோடு வந்ததும் மனசு வண்டியை விட்டு இறங்கி வேறெங்கோ போய்விடுகிறது.

இந்த 'மனசு எங்கே இருக்கிறது' என்ற விஷயத்தைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த மிகா ஹடக்கா, எஸ்கோ கெஸ்கினென் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வண்டி ஓட்டுவதை அவர்கள் நான்கு படிகளாகப் பார்க்கிறார்கள். அடிப்படியில் வண்டியைக் கையாளுவது, அதாவது கியர், பிரேக், நம்முடைய எட்டு எல்லாம் இங்கே அடங்கிவிடும். அதற்கு மேல் போக்குவரத்தைப் படித்து ஓட்டுவது, எதிரில் வருகிறவன் என்ன செய்யப் போகிறான் என்று கணிப்பது. மூன்றாவது படியில் இந்தப் பயணமே எதற்கு, எந்த நேரத்தில், யாரோடு, எவ்வளவு அவசரத்தில் என்ற விஷயங்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆள் யார், அவருக்கு வாழ்க்கையில் எது முக்கியம், கோபத்தையும் சலிப்பையும் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பது. மேல்படி கீழ்ப்படியை ஆட்டிவைக்கும் என்பதுதான் அவர்கள் சொல்லும் முக்கியமான சேதி. எவ்வளவு அழகாக கியர் மாற்றத் தெரிந்தவராக இருந்தாலும், 'என்னை ஒருத்தன் முந்திட்டுப் போறதா?' என்ற எண்ணம் தலைக்கு ஏறிவிட்டால் அந்தத் திறமையெல்லாம் அந்த எண்ணத்துக்குத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு படியிலும் ஓட்டுநர் தன்னைத்தானே மதிப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதற்கென ஒரு தனிப் பத்தியே அவர்களுடைய அட்டவணையில் இருக்கிறது. நம் ஊர்த் தேர்வு அடிப்படியைப் பார்க்கிறது, இரண்டாவது படியை லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது.

ஆனால் தன்னைத்தானே மதிப்பிடுவதில்தான் நாம் எல்லோரும் மோசம். 1981இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் மாணவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார். இங்கே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் உன் ஓட்டும் திறமை எந்த இடத்தில் வரும்? அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேரும் ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம் பேரும் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல்பாதியில் பாதிப் பேர்தானே இருக்க முடியும்? அவர்கள் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும், மனதார அப்படித்தான் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன், நீங்களும் அப்படித்தான். அதனால்தான் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் வைக்கிற பேனர் எதுவும் நம்மைத் தொடுவதில்லை. 'கவனமாக ஓட்டுங்கள்' என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது நம் கண் முன்னால் வருவது ஆம்னி பஸ் டிரைவர், மணல் லாரிக்காரர், மூன்று பேர் ஏறிய பைக்கில் பறக்கிற காலேஜ் பசங்க. அந்தப் பேனர் தனக்காக எழுதப்பட்டது என்று நினைக்கிற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்படியானால் இன்னும் நன்றாக ஓட்டக் கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடுமா? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், வந்த பதில் எனக்கே ஆச்சரியம்தான். ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரேகர்சன் என்பவர் புதிதாக ஓட்டக் கற்கிறவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வழுக்கும் தரையில் பிரேக் பிடிப்பது, தடை வந்தால் வண்டியைத் திருப்பித் தப்பிப்பது என்று திறமைப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கும் அதே தரை, அதே கார், ஆனால் சொல்லிக்கொடுத்தது வேறு. உன்னால் எது முடியாது என்று பார்த்துக்கொள், நிலைமை எவ்வளவு சுலபமாகக் கைமீறிப் போகிறது என்று பார்த்துக்கொள் என்பதுதான் அங்கே பாடம். பிறகு சோதித்தபோது இரண்டு பிரிவின் உண்மையான திறமையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் திறமைப் பயிற்சி பெற்றவர்கள் தங்களால் முடியும் என்று நினைத்த அளவு எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. 1996இல் வெளியான ஆய்வு இது. சறுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியை நார்வேயில் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண்கள் அந்த மாதிரிச் சாலைகளில் மாட்டிக்கொள்கிற விபத்து கூடத்தான் செய்தது. கற்றுக்கொண்ட தைரியத்தில் வேகத்தை ஏற்றிவிட்டார்கள். திறமை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை, திறமை கூடுகிறபோது அதைவிட வேகமாக நம்பிக்கை கூடிவிடுகிறது, அந்த இடைவெளியில்தான் ஆள் போய்ச் சேர்கிறான்.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். திருச்சியில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி போகிற தஞ்சாவூர் ரோட்டில் ஒரு சாயங்காலம், ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு வேலையிடத்தில் ஒருவர் நாலு பேர் முன்னால் என்னைப் பேசிய பேச்சு மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று விதவிதமாக யோசித்துக்கொண்டே வந்தேன். சென்டர் மீடியன் இடைவெளியில் ஒரு பாட்டி கையில் பையோடு நின்றிருந்தார். அவர் நிற்பது என் கண்ணில் பட்டது, மண்டையில் பதியவில்லை. அவர் காலை எடுத்து வைத்தபோது நான் பிரேக்கை மிதித்த மிதியில் பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், அவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. உடனே என் வாயில் வந்தது, 'பாத்து வரக் கூடாதா பாட்டி?' அவர் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுக் கடந்து போனார். வீட்டுக்கு வந்ததும் கதையை நான் சொன்ன விதமும் அப்படித்தான், 'ஒரு பாட்டி குறுக்க வந்துட்டாங்க, நல்லவேளை நான் பிரேக் போட்டேன்.' அந்தக் கதையில் நான் ஹீரோ. படுக்கப் போன பிறகுதான் அந்தக் கதை பொய் என்று எனக்கு உறைத்தது. அவர் குறுக்கே வரவில்லை, ரொம்ப நேரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அங்கே இல்லாதது நான்தான்.

மற்றவன் தப்பு செய்தால் அவன் புத்தி அப்படி என்கிறோம், நாம் செய்தால் அன்றைய சூழ்நிலை அப்படி என்கிறோம். இது மனுசப் புத்தி, எல்லோருக்கும் உண்டு. சாலையில் அது ஏன் ஆபத்தாகிறது என்றால், தப்பித்த ஒவ்வொரு தடவையும் நமக்குத் தப்பான பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. சிக்னல் சிவப்பாக மாறிய பிறகு புகுந்து போகிறோம், ஒன்றும் ஆகவில்லை. ராங் சைடில் இருநூறு மீட்டர் போகிறோம், ஒன்றும் ஆகவில்லை. நூறு தடவை ஒன்றும் ஆகாவிட்டால் நூறு தடவையும் அது பாதுகாப்பானது என்று உடம்பு பழகிக்கொள்கிறது, நமக்காகப் பிரேக் போட்ட எதிர்வண்டிக்காரரை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வேறெந்த வேலையிலும் செய்த தப்புக்கு ஏதோ ஒரு தண்டனை உடனே கிடைத்துவிடும், சாம்பாரில் உப்பு கூடினால் அன்றைக்கே தெரிந்துவிடும். வண்டி ஓட்டுவதில் மட்டும் வருடக்கணக்கில் தப்பாகவே செய்துகொண்டு நன்றாக ஓட்டுவதாக நம்பிக்கொண்டிருக்கலாம்.

வேகத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் உடம்பு சரியாக உணரவே முடியாத விஷயம் இதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும். ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 25 மீட்டர் முடிந்துவிடும். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டரில் வண்டி நின்றுவிடும். இப்போது அதே இடத்தில் அதே ஆபத்தை 80இல் வருகிற இன்னொரு கார் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் கார் அடியோடு நின்றுபோன இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது காரின் வேகம் என்னவாக இருக்கும்? பலரிடம் கேட்டிருக்கிறேன், இருபது என்பார்கள், முப்பது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 65 இருக்கும். பிரேக் பிடிக்க ஆரம்பித்ததே அப்போதுதான் என்பதால் வேகம் குறைய நேரமே கிடைத்திருக்காது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் முதல் காருக்குப் பயந்து அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கும். நடந்து போகிற ஒருவர் மீது கார் மோதினால் அவர் சாகும் அபாயம் 50இல் மோதுவதைவிட 65இல் நாலரை மடங்கு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த 20 கிலோமீட்டருக்காக நமக்குக் கிடைக்கிற லாபம் என்ன? தடையே இல்லாத ரோடு என்றாலும் 20 கிலோமீட்டர் தூரத்துக்கு 60இல் போனால் 20 நிமிடம், 80இல் போனால் 15 நிமிடம். ஐந்து நிமிடம், அதுவும் வழியில் ஒரு ரயில்வே கேட்டோ டோல்கேட்டோ இல்லாமல் இருந்தால். ஊருக்குள் ஓட்டுகிறபோது இதுவும் கிடைக்காது, விரட்டி விரட்டி முந்திப் போனவரும் நிதானமாகப் போனவரும் அடுத்த சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஏற்கனவே வேகமாகப் போகிறபோது இன்னும் வேகத்தைக் கூட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதை ஓட்டுநர்கள் வழக்கமாகவே கூட்டித்தான் நினைக்கிறார்கள் என்பதையும் அதே ஸ்வென்சன் ஆராய்ந்திருக்கிறார். நான் சில மாதங்கள் வேண்டுமென்றே என் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். அவசரமாக ஓட்டிய நாளுக்கும் சாதாரணமாக ஓட்டிய நாளுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டவே இல்லை. ஆனால் அவசரமாக ஓட்டிய நாளில் ஆபீஸில் உட்கார்ந்து கால் மணி நேரம் வரைக்கும் மனசு படபடவென்று இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறேன். தாமதமாகக் கிளம்பியதை ரோட்டில் சரிக்கட்ட முடியாது, அது வீட்டிலேயே நடந்து முடிந்துபோன விஷயம்.

ஃபோன் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது என்று. ஃபோன் பேசிக்கொண்டு ஓட்டுவது விபத்து அபாயத்தைச் சுமார் நான்கு மடங்காக்குகிறது என்று கனடாவில் செய்யப்பட்டு 1997இல் வெளிவந்த ஆய்வே, கையில் பிடிக்காமல் பேசுவதால் எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை என்றும் சொன்னது. சிக்கல் கையில் இல்லை. பேசுகிறவருக்குக் கண் சாலையில் இருக்கும், ஆனால் கண் பார்ப்பது மூளைக்குப் போய்ச் சேராது, அந்தப் பாட்டி எனக்குத் தெரிந்தும் தெரியாமல் நின்றது மாதிரிதான். பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவது இவ்வளவு மோசமில்லை, ஏனென்றால் நெரிசலைப் பார்த்ததும் அவரே பேச்சை நிறுத்திவிடுவார். ஃபோனில் இருப்பவருக்கு ரோடு தெரியாது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். என் மாமா ஒருவர் முப்பது வருடம் லாரி ஓட்டினார். 'குடிச்சவனுக்குக்கூடத் தான் குடிச்சிருக்கோம்னு தெரியும் மாப்ள, தூக்கத்துல இருக்கிறவனுக்குத் தான் தூங்குறது தெரியாது' என்பார். அவர் ஆராய்ச்சி எதையும் படித்தவர் இல்லை, ஆனால் ஆராய்ச்சியும் தூக்கமின்மையைக் குடியோடுதான் ஒப்பிடுகிறது. 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருந்த ஒருவரின் செயல்திறன், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசனும் ரீடும் காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிக்கும். காலையில் ஆறு மணிக்கு எழுந்து நாள் முழுக்கக் கல்யாண வேலை பார்த்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிற அண்ணன்மார் நம் குடும்பத்தில் எத்தனை பேர்! ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்கள், நல்லவர்கள், குடும்பத்துக்காகத் தூங்காமல் ஓட்டுகிறவர்கள். அவர்களை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் கிடையாது, கவனித்துக்கொள்ள வேண்டியவர் ஓட்டுகிறவர் ஒருவர்தான்.

கண் சொக்கினால் என்ன செய்கிறோம்? கண்ணாடியை இறக்கிவிடுகிறோம், பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறோம். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹோர்னும் லூயிஸ் ரெய்னரும் இதைச் சோதித்தபோது குளிர்காற்றும் ரேடியோவும் கொஞ்ச நேரத்துக்கு மேல் உதவவில்லை என்றுதான் தெரிந்தது. உதவியது இரண்டு, ஒன்று காபி, இன்னொன்று கால் மணி நேரக் குட்டித் தூக்கம். காபியைக் குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினால், எழுந்திருக்கிற நேரத்தில் காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் விடியற்காலையில் சில இடங்களில் போலீஸ்காரர்கள் லாரிகளை நிறுத்தி, 'இறங்கி மூஞ்சி கழுவிட்டு, டீ குடிச்சுட்டுப் போப்பா' என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது, தண்ணீரைவிட அந்த நிறுத்தம் நல்லது, அதோடு ஒரு பத்து நிமிடம் படுக்கவும் விட்டால் இன்னும் நல்லது. ஆனால் சுமை ஏற்றி விடிவதற்குள் சேர்த்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்படுகிற ஒரு டிரைவரிடம் போய் 'உன்னை நீ கவனி' என்று சொல்வது அநியாயம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்லிவிட்டது. என் மாமாவுக்கு அப்படி ஒரு சட்டம் இருந்ததே தெரியாது.

சுய கவனம் என்று பேசுகிறபோது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நான் சொன்ன அதே தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் பல வருடங்களாகப் போராடி வந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருக்கிற கடைக்குப் போகத் தூரத்தில் இருக்கிற திருப்பம் வரை போய் வளைந்து வர வேண்டும் என்றால், பலபேர் ராங் சைடில்தான் போவார்கள், அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. மனிதன் தப்பு செய்வான், அந்தத் தப்பு அவன் உயிரை வாங்காத மாதிரி சாலையைக் கட்டு என்பதைத்தான் ஸ்வீடன் 1997இல் நாடாளுமன்றத்திலேயே கொள்கையாக ஏற்றுக்கொண்டது. சாலை சரியாகும் வரை நான் ராங் சைடில்தான் போவேன் என்பதும் சரியில்லை, நீ ஒழுங்காக ஓட்டு, சாலை எப்படி இருந்தால் என்ன என்பதும் சரியில்லை. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று வைப்பவர்கள் பேச்சை நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

சரி, பழக்கம் எப்படித்தான் மாறும்? இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் ஸ்வீடனின் அரசுத் தொலைபேசி நிறுவனமாக இருந்த டெலிவெர்கெட்டில் நடந்த ஒரு பெரிய பரிசோதனை. நாளெல்லாம் வண்டியில் சுற்றுகிற அதன் ஊழியர்களைப் பல பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓட்டுநர் பயிற்சி, இன்னொன்றுக்கு விளம்பரப் பிரசாரம், மற்றொன்றுக்கு விபத்தில்லாமல் ஓட்டினால் பரிசுப் பணம், வேறொன்றுக்குக் குழுவாக உட்கார்ந்து பேசுவது, கடைசியாக எதுவுமே செய்யாத ஒரு பிரிவு. விபத்து அபாயம் மிக அதிகமாகக் குறைந்தது உட்கார்ந்து பேசியவர்களிடம். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. சிறு குழுக்களாகக் கூடி, நம் வேலையில் நமக்கு என்னென்ன ஆபத்து வருகிறது, அதற்கு நாமே என்ன செய்யலாம் என்று பேசினார்கள், முடிவில் ஒவ்வொருவரும் தான் எதை மாற்றிக்கொள்வேன் என்று தீர்மானித்தார்கள். அடுத்தவர் சொன்னதைக் கேட்டு யாரும் மாறுவதில்லை. தன் வாயால், தன்னைப் போன்ற நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் மனுசன் பாடுபடுகிறான். நம் ஊரில் டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால் இந்த மாதிரிக் கூட்டம் தானாகவே கூடும். அங்கே நாம் பேசுவதெல்லாம் அடுத்தவன் செய்த தப்பைப் பற்றித்தான், அந்தப் பேச்சைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும்.

அந்தத் தீர்மானமும் 'இனிமேல் ஜாக்கிரதையா ஓட்டணும்' என்று மொட்டையாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று இடமும் செயலும் சேர்த்து முடிவெடுத்தால் நிற்கும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆய்வுகளில் காட்டியிருக்கிறார், இங்கிலாந்தில் வேக வரம்பை மீறாமல் இருப்பதற்கும் இதே முறை உதவியிருக்கிறது. என் முடிவுகள் இவை. பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தால் இடதுபக்கம் ஒதுங்கி அவனை அனுப்பிவிடுவேன். யாருடனாவது சண்டை போட்டிருந்தால் சாவியைப் போடுவதற்கு முன் வண்டியிலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பேன். சந்திப்பில் திரும்புவதற்கு முன் இரண்டாவது முறை பார்ப்பேன், ஏனென்றால் நேராக நம்மை நோக்கி வருகிற பைக் ரொம்ப அருகில் வரும் வரை ஒரு புள்ளி மாதிரிதான் இருக்கும், அது அசைகிறது என்றே முதல் பார்வையில் தெரியாது. ஹெல்மெட் மாட்டினால் தாடைப்பட்டையைப் பூட்டிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ணுவேன். ஹெல்மெட் போட்டால் சாகும் அபாயம் சுமார் 42 சதவீதம் குறைகிறது, பட்டையைப் பூட்டாவிட்டால் விழும்போது அது தனியாக, தலை தனியாகப் போய்விடும்.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஒரு டாக்ஸி நிறுவனத்தின் பாதி வண்டிகளில் அப்போது புதிதாக வந்த, அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக்கைப் பொருத்தினார்கள். நல்ல பிரேக், விபத்து குறைய வேண்டுமில்லையா? குறையவில்லை. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் திருப்பங்களில் இன்னும் இறுக்கமாகவும் முன்வண்டியை இன்னும் நெருக்கமாகவும் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கிடைத்த பாதுகாப்பை இன்னும் துணிச்சலாக ஓட்டுவதில் செலவழித்துவிட்டார்கள். இதைக் காட்டி ஹெல்மெட்டோ சீட் பெல்ட்டோ வேண்டாம் என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள், அவை உயிரைக் காப்பாற்றுகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. புது வண்டி, நல்ல டயர், ஏர்பேக், நாலுவழிச்சாலை என்று ஒவ்வொன்று கிடைக்கும்போதும் நம் கால் தன்னையறியாமல் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறேன். எனக்கு என் கால் என்ன செய்கிறது என்று தெரிந்தது வேகமானியைப் பார்த்துத்தான். புதுக் கார் எடுத்த முதல் மாதத்தில் நான் 'மெதுவாக' என்று நினைத்து ஓட்டிய வேகம், பழைய காரில் 'வேகமாக' என்று நினைத்து ஓட்டியதைவிட அதிகமாக இருந்தது.

அந்தப் பாட்டி சம்பவத்துக்குப் பிறகு ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு வரியோ இரண்டு வரியோ எழுதுவேன், பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டி வந்த இடம், அப்போது மனசில் என்ன ஓடியது, எவ்வளவு தாமதமாகக் கிளம்பியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் படித்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லாமே சாயங்காலம், ஏறக்குறைய எல்லாமே வீட்டுக்குப் பக்கத்தில், தினமும் போகிற அதே தெருக்களில். தெரியாத ஊரில் ஒன்றுகூட இல்லை. இந்த நோட்டு இல்லாமல் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நெடுஞ்சாலை, இரவு, மழை என்றுதான் பதில் சொல்லியிருப்பேன்.

நோட்டிலும் சிக்குவது நமக்கே தெரிந்ததுதான், தெரியாததை அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். நம் ஓட்டுதலை முழுசாகப் பார்த்த ஒரே சாட்சி பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவர். பயத்தில் நம் தோளைப் பிடித்தவர், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தவர், இத்தனை வருடமும் ஒன்றும் சொல்லாமல் வந்தவர். நாம் கேட்டதில்லை, கேட்டாலும் 'நீ ஓட்டுறத விட நான் நல்லாவே ஓட்டுறேன்' என்று வாயை அடைத்துவிடுவோம். நான் ஒருநாள் என் மகளிடம் கேட்டேன். அப்போது அவள் எட்டாம் வகுப்பு, தினமும் டியூஷனுக்கு என் பின்னால் உட்கார்ந்து வருவாள். அப்பா வண்டி ஓட்டுறதுல உனக்கு எது பிடிக்கல, திட்ட மாட்டேன், சொல்லு என்றேன். கோபத்தைச் சொல்வாள், இல்லாவிட்டால் வேகத்தைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஃபோன் வந்தா நீங்க எடுத்துப் பேச மாட்டீங்கப்பா. ஆனா யாருன்னு தெரியிற மாதிரி பாக்கெட்ட லேசா வெளிய இழுத்துக் குனிஞ்சு பாப்பீங்க. அப்பல்லாம் நான் ரோட்டப் பாத்துக்குவேன்."

நான் ஃபோனைப் பார்ப்பேன் என்பதே எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. எவ்வளவு நாளாக எனக்குப் பதில் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து ஃபோனை வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டுவது அவள் வேலை, அதற்குப் பிறகுதான் சாவி என் கைக்கு வரும்.